ஆறாம் எண் டிராமில் ஒரு கை

சோபொட்டில் ஏறினால்
உட்கார இடம் கிடைத்துவிடும்.
அதனால்தான் ஆறாம் எண் டிராம்.
ஜன்னலோரம், மடியில் நோட்டு,
விரலுக்குள் ஒளியும் துண்டுப் பென்சில்.
நீளமான பென்சிலைப் பார்த்தால்
ஜனங்கள் உடனே அழகாகிவிடுகிறார்கள்.

சாவா ஆற்றுப் பாலம் வரும்வரை
யாரும் யாரையும் பார்ப்பதில்லை.
பாலத்தில் மட்டும்
கைபேசியிலிருந்து தலை தூக்கித்
தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்கிறார்கள்,
அடுப்பை அணைத்தோமா என்று பார்ப்பதுபோல.
அந்த நாற்பது நொடிதான் எனக்கு.
மற்ற நேரமெல்லாம் உச்சந்தலைகள்தான்.
பத்து வருடத்துக்கு முந்தைய என் நோட்டுகளில்
ஜாக்ரெப்காரர்கள்
இன்னும் கொஞ்சம் உயரம்.

இரவுப் பணி முடிந்த செவிலி
ஷூவிலிருந்து குதிகாலை மட்டும் வெளியே எடுத்து
ஆறவைக்கிறாள்.
சாப்பாடு கொண்டுபோகும் நேபாளத்துப் பையனுக்கு
இன்று சைக்கிள் பஞ்சர்.
சதுரப் பையை மடியில் நிறுத்தி
அதன்மேல் சாய்ந்திருக்கிறான்.
யாருடைய சூப்போ
அவன் கன்னத்துக்கு ஒத்தடம் கொடுக்கிறது.
காப்பீட்டு அலுவலகத்தின் காத்திருப்பு இசையை
ஸ்பீக்கரில் போட்டுவிட்டு
முட்டை அட்டையைப் பிடித்திருக்கிறாள் ஒருத்தி.
முப்பது முட்டைகளும்
அவளோடு லைனில் இருக்கின்றன.

அந்த மனிதரை மூன்று குளிர்காலம் பார்த்தேன்.
கதவுக்கு எதிர் இருக்கை,
நிமிர்ந்தபடியே தூக்கம்,
முழங்கால்மேல் கவிழ்ந்த இடது கை.
கதவளவு கித்தானில்
அவரைத் தைலவண்ணத்தில் தீட்டினேன்.
நிறையப் பழுப்பு. அதற்கு நடுவே
எங்காவது ஒரு மஞ்சள் தேவைப்பட்டது.

என் படங்களை வாங்கியவர்களை
விரல்விட்டு எண்ணிவிடலாம்.
ஆகவே வட்டார நூலகத்தில் மாட்டினேன்,
கடன் தவணை அறிவிப்புக்கும்
தீயணைப்பானுக்கும் இடையில்.

மகளின் புத்தகங்களைத் தாமதமாகத் திருப்ப வந்தவர்
அபராதத்தைக் கட்டிவிட்டுத் திரும்பியபோது
தன்னைப் பார்த்தார்.
ரொம்ப நேரம் பார்த்தார்.
"மூக்கு சரி. கோட்டும் என்னுடையதுதான்.
கை யாருடையது?"

நீட்டினார்.
நடுவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே
ஒரு வழுவழுப்பான மேடு.
மரம் அறுக்கும் இயந்திரம், பதினொரு வருடம்.
"அதில் மோதிரம் வேறு போட்டிருக்கிறீர்கள்" என்று சிரித்தார்.
"அன்றைக்கு எல்லோரும் விரலைத் தேடினோம்.
மோதிரத்தைத் தேட வேண்டுமென்று
சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது."

பெயர் ஸ்வோனிமிர் என்றார்.
நான் என் பெயரைச் சொல்ல மறந்துவிட்டேன்.

கையுறை என்று சாக்குச் சொல்லலாம்.
மார்ச்சில் அவர் கையுறை போடுவதில்லை.
ஐந்து விரலும் ஒன்றாயிருக்குமா என்று கேட்கிறோம்,
ஐந்து இருக்கிறதா என்று கேட்பதில்லை.
எனக்குக் கை தெரியும் என்பதால்
அவர் கையைப் பார்க்காமலே இருந்திருக்கிறேன்,
மூன்று குளிர்காலம்,
மாதப் பயணச்சீட்டு எடுத்து.

விரலை வரைய ஒரு மதியம் ஆனது.
சுரண்டி எடுக்க நான்கு நாள்.
எடுத்த இடத்தில் என்ன வைப்பது?
விரலுக்கு அடியில் கால்சட்டை இருக்கும்,
அதன் வரிகள் நீளவாக்கா குறுக்கா,
அதையும் நான் பார்த்திருக்கவில்லை.
மஞ்சள் போனதும் படமே
விளக்கணைத்த அறைபோல் ஆகிவிட்டது.
அப்படியே விட்டேன்.

திங்கட்கிழமை அதே டிராம்.
அவர் தூங்கவில்லை.
சவரம் செய்திருக்கிறார்.
இடது கையை முழங்கால்மேல் விரித்து,
பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்தவர்போல
என்னையே பார்க்கிறார்.
இப்படி உட்கார்ந்தால் எனக்கு உதவாது என்று
எப்படிச் சொல்வது?

பாலம் வந்தது.
எல்லாத் தலைகளும் ஆற்றுக்குத் திரும்பின,
எங்கள் இரண்டைத் தவிர.
எண்ணினேன். நான்கு.
பிறகு, எதற்கும் இருக்கட்டுமென்று,
பென்சிலைக் கீழே வைத்துவிட்டு
என்னுடையதையும்.